கட்டளை வரிப் பிழைதிருத்தம்: வரலாறு

கட்டளை வரிப் பிழைதிருத்தம் என்பது, கணினியின் டெர்மினல் திரையில் பயனர் தவறாகத் தட்டச்சு செய்த கட்டளையை, அல்லது எழுத்து சரியாக இருந்தும் நிறைவேறாமல் திரும்பிவந்த கட்டளையை, மென்பொருளே ஊகித்துத் திருத்தித் தரும் முறையாகும். கைப்பேசியில் சொற்களைத் தானாகத் திருத்தும் வசதிக்கு இது மூத்த உறவு. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கைப்பேசி தவறாகத் திருத்தினால் ஒரு சொல் கெடும். அனுப்பியவர் மறு செய்தியில் விளக்கிக்கொள்ளலாம். கட்டளை தவறாகத் திருத்தப்பட்டால் ஒரு செயல் நடந்து முடிந்துவிடும். அந்தச் செயல் கோப்புகளை அழிப்பதாக இருந்தால், அழிந்தது பெரும்பாலும் திரும்பாது.

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பஞ்சாலைகளுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்ற இப்பகுதியில் கணினிக் கல்வியும் வேரூன்றியுள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரி இன்று கலசலிங்கம் பல்கலைக்கழகமாக உள்ளது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த ஒரு மாணவர் லினக்ஸ் டெர்மினலை முதன்முறையாகத் திறந்து, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை ‘எஸ்எல்’ என்று மாற்றி அடித்துவிட்டால், திரை தருவது ஒற்றை ஆங்கில வரிதான்: அப்படி ஒரு கட்டளை இல்லை. எழுத்து இடம் மாறியதா, தான் கற்றதே தவறா என்பதை அந்த வரி சொல்வதில்லை. அனுபவசாலிக்கு இது கண்சிமிட்டும் நேரத் தொல்லை, புதியவருக்கோ சுவர்.

சிக்கனத்தில் பிறந்த கட்டளைகள்

யூனிக்ஸ் இயங்குதளத்தை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் திரை அரிது. ‘டெலிடைப் 33’ போன்ற அச்சுப்பொறி முனையங்களே வழக்கில் இருந்தன. அவை நொடிக்கு 10 எழுத்துகள் மட்டுமே அச்சிட்டன. விசைகளை அழுத்தி அடிக்கவும் வேண்டும். எனவே கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கின, பிழைச் செய்திகளும் சுருங்கின. ‘ஈடி’ என்ற யூனிக்ஸ் எடிட்டர், பயனர் எந்தத் தவறு செய்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டு நின்றுவிடும். எது தவறு என்று கண்டுபிடிப்பது பயனரின் பொறுப்பு.

சுருக்கத்தின் விளைவு ஒன்று உண்டு. சொற்கள் நீளமாக இருந்தால் ஓர் எழுத்து மாறினாலும் எதைச் சொல்ல வந்தார் என்று ஊகிக்கலாம். இரண்டெழுத்துச் சொற்கள் நிறைந்த மொழியில், ஓர் எழுத்து மாறினால் அது வேறொரு செல்லுபடியாகும் கட்டளையாகிவிடக் கூடும். நகலெடுக்கும் கட்டளை ‘சிபி’; இடம்மாற்றும் கட்டளை ‘எம்வி’; அழிக்கும் கட்டளை ‘ஆர்எம்’. மூன்றும் சரியான கட்டளைகளே என்பதால், ஒன்றுக்கு மற்றொன்றை அடித்தால் எந்தப் பிழைதிருத்தியும் தலையிடாது. இவ்வகை மென்பொருள்கள் பிடிப்பது, இல்லாத கட்டளையை அடிக்கும் பிழையைத்தான். இருக்கும் தவறான கட்டளையை அடிக்கும் பிழை அவற்றின் கண்ணில் படாது.

தாம்சனும் எழுத்துச் சிக்கனத்திலிருந்து தப்பவில்லை. புதுக் கோப்பு உருவாக்கும் யூனிக்ஸ் அழைப்பின் பெயரில் ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து விடுபட்டிருக்கும். யூனிக்ஸை மீண்டும் எழுதினால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று அவர் பதிலளித்தது கணினி உலகில் புகழ்பெற்றது.

‘நான் நினைப்பதைச் செய்’

யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, வேறொரு மரபில் எதிர்த்திசைச் சிந்தனை தோன்றியிருந்தது. வாரன் டைட்டல்மன் என்பவர் 1966-இல் எம்ஐடி நிறுவனத்தில் ‘பைலட்’ என்ற அமைப்பைப் பற்றித் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். மனிதரும் கணினியும் கூட்டாளிகளாக வேலை செய்வது எப்படி என்பதே அதன் பொருள். பிறகு பிபிஎன் நிறுவனத்தில் லிஸ்ப் மொழிக்காக அவர் எழுதிய வசதிக்கு ‘டிவிம்’ என்று பெயரிட்டார். ‘நான் நினைப்பதைச் செய்’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. 1972-இல் அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குச் சென்றபோது டிவிமும் உடன் சென்று, ‘இன்டர்லிஸ்ப்’ என்ற சூழலின் பகுதியாயிற்று.

டிவிம் செய்த வேலை இன்றைய கருவிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. தெரியாத சொல் வந்தால், தெரிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு நெருக்கமானதைத் தேடும். லிஸ்ப் மொழியில் அடைப்புக்குறிகள் ஏராளம். அக்கால விசைப்பலகையில் அவை 8, 9 என்ற எண்களின் மேல்விசையில் இருந்தன. ஷிப்ட் விசையைச் சரியாக அழுத்தாவிட்டால் அடைப்புக்குறி இருக்கவேண்டிய இடத்தில் 8 அல்லது 9 விழும். டிவிம் இதையும் கண்டுகொண்டு திருத்தியது. அதற்கு இரண்டு மனநிலைகள் உண்டு. ஒன்றில் எல்லாத் திருத்தத்துக்கும் பயனரின் ஒப்புதலைக் கேட்கும். மற்றொன்றில் பயனர் தன்னை நம்புவதாக எடுத்துக்கொண்டு பெரும்பாலானவற்றைத் தானே திருத்திவிடும். கேட்ட கேள்விக்குச் சிறிது நேரம் பதில் வராவிட்டால், தனக்குத் தோன்றியதையே விடையாகக் கொண்டு மேலே செல்லும்.

இந்த இரண்டாம் குணம்தான் வம்பை வளர்த்தது. டைட்டல்மன் தம் சொந்தத் தட்டச்சுப் பிழைகளைத் திருத்தவே டிவிமை முதலில் எழுதினார். அவருடைய விரல்கள் செய்யும் பிழைக்கு அது நன்கு பொருந்தியது. வேறுவகையில் பிழை செய்பவர்களின் கட்டளையை மேலும் குழப்பியது. எரிச்சலடைந்தவர்கள் அதே முதலெழுத்துகளைக் கொண்டு ‘வாரனின் பாழாய்ப்போன இயந்திரம்’ என்று பொருள்படும்படி ஒரு பெயரும் சூட்டினர்.

ஆங்கில நிரலர் வழக்குச்சொற்களின் தொகுப்பான ‘ஜார்கன் ஃபைல்’ ஒரு நிகழ்வைப் பதிவுசெய்திருக்கிறது. ஜெராக்ஸ் மையத்தின் கட்டளை ஏற்பியிலும் டைட்டல்மன் டிவிமைச் சேர்த்திருந்தார். அங்கே எடிட்டர் எடுக்கும் காப்பு நகல்களின் பெயர் டாலர் குறியில் முடியும். வட்டில் இடம் போதாமல், ஒருவர் காப்பு நகல்களை மட்டும் நீக்க எண்ணி, ‘எதுவாயினும்’ என்று பொருள்தரும் நட்சத்திரக் குறியோடு டாலர் குறியையும் சேர்த்து அழிப்புக் கட்டளை கொடுத்தார். அன்றைக்குக் காப்பு நகல் ஒன்றுகூட இல்லை. அப்படிப் பெயர் எதுவும் காணோம் என்று அறிவித்த டிவிம், டாலர் குறி தவறி விழுந்தது என்று தானே முடிவுசெய்து, நட்சத்திரக் குறியை மட்டும் வைத்துக்கொண்டது. அதாவது, எல்லாவற்றையும் அழி. அவர் பதறி இயந்திரத்தை நிறுத்துவதற்குள் ஆறேழு கோப்புகள் போயிருந்தன.

இங்கே கட்டளையில் எழுத்துப் பிழையே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பிழை இருந்தது கணினியின் ஊகத்தில். இன்னொன்றையும் டைட்டல்மன் பொருட்டுச் சொல்லவேண்டும். செய்ததை மீட்டெடுக்கும் ‘அன்டூ’ வசதியை முன்னோடியாக உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். இன்டர்லிஸ்ப்புக்குள் டிவிமும் அன்டூவும் ஒன்றாக இருந்தன. திருத்தம் தவறினால் திரும்பி வரலாம் என்ற இடத்தில் துணிச்சலான ஊகம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. கோப்பு அழிப்பில் திரும்பும் வழி இல்லை. இன்டர்லிஸ்ப் குழுவினருக்கு 1992-இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது வழங்கப்பட்டது; டைட்டல்மனும் அதைப் பெற்றவர்.

பிழையை அளக்கும் கோல்

எது ‘நெருக்கமான’ சொல் என்பதை எப்படி முடிவுசெய்வது? ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெட் டேமரோ 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், எழுத்துப் பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நான்கே வகையில் அடங்கும் என்று காட்டினார்: ஓர் எழுத்து மாறுவது, விடுபடுவது, கூடுவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது. 1965-இல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமீர் லெவென்ஷ்டைன், ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை மாற்றங்கள் தேவை என்ற எண்ணிக்கையையே தொலைவாகக் கொள்ளும் முறையை வகுத்தார். அவர் எண்ணியது செய்தித்தொடர்புக் குறியீடுகளைப் பற்றி; விசைப்பலகையைப் பற்றி அன்று. இருந்தும் இன்றைய பிழைதிருத்திகள் பலவற்றின் அடித்தளம் இவ்விருவரின் அளவுகோலே.

உள்ளூர்ப் பெயரைக் கொண்டே இதை விளக்கலாம். ‘ராஜபாளையம்’ என்பதை ‘ராஜபாலையம்’ என்று எழுதினால் தொலைவு 1. ‘ராஜாபாளையம்’ என்று ஒரு கால் கூட்டி எழுதினாலும் தொலைவு 1. இவை விரலின் அல்லது செவியின் பிழைகள். கணினி எளிதில் திருத்தும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எண்ணிக்கொண்டு ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று எழுதிவிடும் வெளியூர்க்காரரின் பிழை வேறு வகை. எழுத்துக் கூட்டல் பிழையில்லாதது, தொலைவோ அதிகம். நினைவில் நேர்ந்த குழப்பத்தை எந்த அளவுகோலும் பிடிக்காது.

கேட்டுத் திருத்தும் ஷெல்கள்

டிவிமின் துணிச்சலை யூனிக்ஸ் உலகம் அப்படியே ஏற்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘சி ஷெல்’, முந்தைய கட்டளையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மீண்டும் ஏவும் குறுக்குவழியைத் தந்தது. திருத்துபவர் மனிதரே, தட்டும் வேலை மட்டும் குறைந்தது. அதன் வழிவந்த ‘டிசிஷெல்’ பிழையைத் தானே கண்டு, ‘இதையா சொல்ல வந்தீர்கள்’ என்று கேட்கத் தொடங்கியது. அப்பெயரின் முதலெழுத்து ‘டெனெக்ஸ்’ இயங்குதளத்தைக் குறிக்கிறது. டெனெக்ஸ் உருவானதும் டைட்டல்மன் பணியாற்றிய அதே பிபிஎன் நிறுவனத்தில்தான்.

1990-இல் பிரின்ஸ்டன் மாணவர் பால் ஃபால்ஸ்டட் எழுதிய ‘இசட்ஷெல்’ இக்கேள்வியை நான்கு விடைகளாக்கியது: வேண்டாம், சரி, கட்டளையையே கைவிடு, நானே திருத்துகிறேன். பதில் வரும்வரை அது காத்திருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2019 முதல் தன் மேக் கணினிகளில் இதையே இயல்பு ஷெல்லாக வைத்துள்ளது. லினக்ஸில் பரவலாக உள்ள ‘பாஷ்’ இன்னும் அடக்கமானது. கோப்புறைக்குள் நுழையும் கட்டளையில் கோப்புறைப் பெயரின் சிறு பிழைகளை மட்டும், அதுவும் பயனர் அவ்வசதியை இயக்கியிருந்தால், திருத்தும்.

இதற்கிடையே ஜப்பானியர் டோயோடா மசாஷி 1993-இல் வேறு வழி கண்டார். ‘எல்எஸ்’ என்பதை ‘எஸ்எல்’ என்று மாற்றி அடிப்பவர்களுக்காக அவர் எழுதிய நிரல், திரையின் வலமிருந்து இடமாக எழுத்துகளால் ஆன நீராவி ரயில் ஒன்றை ஓடவிடும். ரயில் கடந்து போகும்வரை பயனர் காத்திருக்கவேண்டும். திருத்தம் இல்லை, தண்டனை மட்டும். உண்மையில் எழுத்தை மாற்றி அடிக்கும் பழக்கத்தை விடவைக்க இதைவிடக் கனிவான வழி இல்லை எனலாம்.

பஞ்சாலையில் ஒரு ஒப்புமை

ராஜபாளையம் வட்டாரத்தில் இச்சிக்கலுக்கு நேரான காட்சி ஒன்று உண்டு. நூற்பாலையின் ஆட்டோகோனர் எந்திரத்தில் நூல் கூம்பில் சுற்றப்படும்போது, கிளியரர் என்னும் மின்னணுக் கருவி தடித்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் கண்டு வெட்டிவிடும். ஸ்ப்ளைசர் காற்றழுத்தத்தால் இரு முனைகளையும் சேர்க்கும். யாரையும் கேட்பதில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்கு வந்தால் கதை வேறு. ஊடை நூல் அறுந்ததும் தறி நிற்கும். ஆள் வந்து சரிசெய்த பிறகே ஓடும். முதலாவதில் எந்திரம் தவறாக முடிவெடுத்தால் சில அங்குல நூல்தான் நட்டம். இரண்டாவதில் நிற்காமல் ஓடினால் துணியே கெடும். எங்கே தானாகத் திருத்தலாம், எங்கே நின்று கேட்கவேண்டும் என்பதை நட்டத்தின் அளவே முடிவுசெய்கிறது.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களும் இதை அறிந்திருந்தனர். உ. வே. சாமிநாதையர் பிரதிகளுக்கிடையே வேறுபாடு கண்டபோது பாடபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தார். படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க இடம் இருந்தது.

பத்திலொரு பங்கு நொடி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருள், நிரல்களின் பதிப்புகளைப் பேணுவது. தவறான துணைக்கட்டளை வந்தால் அது நெருங்கியவற்றைப் பட்டியலிடும். ஒப்பிடும்போது எழுத்து இடம் மாறுவதற்கு எவ்விதச் செலவும் கணக்கிடுவதில்லை. எழுத்து மாறினாலோ, கூடினாலோ, விடுபட்டாலோதான் செலவு. 2008-இல் சேர்க்கப்பட்ட ஓர் அமைப்பு, ஊகித்ததைச் சிறிது நேரம் கழித்துத் தானே இயக்கவும் வழிசெய்தது. காத்திருக்கும் நேரத்தை எண்ணாகத் தரவேண்டும்; அலகு நொடி அன்று, நொடியில் பத்தில் ஒரு பங்கு. ‘இயக்கு’ என்ற பொருளில் 1 என்று எழுதியவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைத்தது 0.1 நொடி. மனிதக் கண் படித்துக் கை நிறுத்துவதற்கு அது போதாது. இப்பொறி பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. கேட்பது போலத் தோன்றிக் கேட்காமலே செய்யும் வழிக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

2015-இல் ரஷ்ய நிரலர் விளாதிமீர் யாகவ்லெவ் பைத்தான் மொழியில் வெளியிட்ட கருவி உலகெங்கும் பரவியது. அதன் பெயர் ஓர் ஆங்கில வசைச்சொல், வகுப்பறையில் சொல்லத்தக்கதன்று. கட்டளை தோற்றதும் எரிச்சலில் பயனர் வாயில் வரும் சொல்லையே கட்டளையாக்கியதுதான் அதன் வேடிக்கை. வேடிக்கைக்குப் பின்னால் உறுதியான கருத்து உண்டு. அது தோற்ற கட்டளையோடு நில்லாமல், அதற்குக் கணினி தந்த பிழைச் செய்தியையும் படிக்கிறது. அனுமதி இல்லை என்று செய்தி வந்திருந்தால், நிர்வாகி அதிகாரம் கோரும் ‘சூடோ’வை முன்னால் சேர்த்துக் காட்டும். கிட் மென்பொருள் ‘இப்படிச் செய்க’ என்று ஒரு வரி தந்திருந்தால் அதையே எடுத்துத் தரும். எழுத்து சரியாக இருந்தும் தோற்ற கட்டளைகளுக்கு இதனால் மருந்து கிடைத்தது. இயல்பாக, திருத்தியதைக் காட்டிப் பயனர் என்டர் விசையை அழுத்தக் காத்திருக்கும்.

ஆனால் ‘சூடோ’ சேர்ப்பதைத் திருத்தம் என்று சொல்லலாமா என்பது கேள்விக்குரியது. அனுமதி மறுக்கப்பட்டது காரணத்தோடுதான். பூட்டிய கதவுக்குச் சாவி தருவது எழுத்துப் பிழையைத் திருத்துவது போன்றதன்று. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு என்டர் அழுத்தப் பழகினால் இழப்பு அங்கேதான் தொடங்கும்.

உபுண்டு லினக்ஸ், இல்லாத கட்டளையை அடித்தால், எந்த மென்பொருள் தொகுப்பை நிறுவினால் அது கிடைக்கும் என்று பரிந்துரைக்கும். தானாக நிறுவாது. இருந்தும், 2024-இல் ஆக்வா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தீயோர் பொருத்தமான பெயரில் ஒரு ‘ஸ்னாப்’ தொகுப்பை வெளியிட்டு அப்பரிந்துரையில் இடம்பிடிக்க முடியும் என்று எடுத்துக்காட்டினர். பரிந்துரைப்பது கணினியே என்பதால் பயனர் ஐயப்படுவதில்லை.

தமிழ் விசைப்பலகையும் ‘ஸ்ரீ’யும்

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு மேலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, விசைப்பலகை. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற ‘தமிழ்99’ முறையில் கடிதமோ கட்டுரையோ எழுதிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து டெர்மினலில் ‘எல்எஸ்’ விசைகளை அழுத்தினால், முதல் விசை ‘த’, இரண்டாவது ‘இ’. இரண்டும் சேர்ந்து திரையில் ‘தி’ என்று விழும். கணினி ‘தி’ என்ற கட்டளை இல்லை என்கிறது. தொலைவு அளக்கும் முறை இங்கே உதவாது, ஏனெனில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. யாகவ்லெவின் கருவியில் ரஷ்யம் முதலிய மொழிகளின் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் விதி உள்ளது. அது பெரும்பாலும் விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் அமைந்தது. தமிழ்99-இல் மெய்யும் உயிரும் இணைந்து உயிர்மெய்யாவதால், இணைந்ததை முதலில் பிரித்து, பிறகு விசைகளைத் தேடவேண்டும்.

இரண்டாவது, ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. யூனிகோடில் ‘ஸ்ரீ’ என்பது ஒற்றை எழுத்தன்று: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற நான்கு குறிகளின் தொடர். 2005-இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் ‘ஶ’வில் தொடங்கியும் இதே வடிவத்தைப் பெறலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஒரு விசைப்பலகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெயரிட்ட கோப்புறையை, வேறு மென்பொருளில் அதே பெயரை அடித்துத் திறக்க முயன்றால், அப்படி எதுவும் இல்லை என்று கணினி சொல்லக்கூடும். பயனர் இரு பெயர்களையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. லெவென்ஷ்டைன் கணக்கிலோ இது வெறும் 1. மனிதக் கண்ணால் காண முடியாத பிழையை ஷெல் எளிதில் காட்டக்கூடிய அரிய இடம் இது. ‘கௌ’ என்பதற்கு ஔகாரக் குறி இடாமல் ‘ள’ சேர்த்து எழுதும் வழக்கமும் இத்தகையதே.

தமிழ் உரைநடைக்கு இப்பணியைச் செய்யும் கருவிகள் வந்துள்ளன. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ பிழைதிருத்தி பலராலும் பயன்படுத்தப்படுகிறது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன் தமிழ்’ நிரல் தொகுப்பு, சொற்களை யூனிகோடு குறிகளாக வெட்டாமல் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. அதனால் ‘பு’ ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். அந்தக் கணக்கில் ‘ராஜபாளையம்’ ஆறு எழுத்து. குறிகளாக எண்ணினால் பத்து.